திருச்சியிலிருந்து டொரன்டோ, பதினாறு மணி நேரம்

அடுப்பில் இரண்டு ஈடு இட்லி வெந்து இறங்குவதற்குள் மாசிலாமணி பிரிஸ்பேனிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு பழக்கிடங்கில் மாம்பழம் அடுக்கும் இயந்திரக் கைகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பிரிஸ்பேனுக்கும் திருச்சிக்கும் இடையே ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எறிகலத்தில் இருபத்திரண்டு நிமிடம்.

எறிகலத்தை விளக்குவதற்கு அதிகமில்லை. கல்லை எறிவதுபோல ஒரு கலத்தைக் காற்றுமண்டலத்துக்கு மேலே எறிந்துவிடுவார்கள். அது வளைந்து போய் பூமியின் இன்னொரு பக்கத்தில் இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்கு வயிறு ஒரு தடவை மேலே வரும், ஒரு தடவை கீழே போகும். அதற்குப் பெயர் பயணம். பேச்சுக் கொடுக்க நேரமிருக்காது என்பதால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

அவர் மனைவி வடிவு பல் மருத்துவர். லிஸ்பனில் வேலை. பிரிஸ்பேன் கிழக்கே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் மேற்கே. அவர் வந்து சேரும் காலைக்கும் அவள் கிளம்பும் மதியத்துக்கும் நடுவில் மூன்றரை மணி நேரம் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் உலகத்தில் எந்த ஊரும் எந்த ஊரிலிருந்தும் நாற்பது நிமிடத்துக்கு மேல் இல்லை என்றான பிறகு, 'தூரமாச்சே, வர முடியல' என்ற வாக்கியம் தமிழிலிருந்தே கழன்று விழுந்துவிட்டது. ஓஸ்லோவில் காதுகுத்து, மொம்பாசாவில் வளைகாப்பு, சித்தப்பா மகன் சிலியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். போகாவிட்டால், "இருபத்தொம்பது நிமிஷம்தானே, அதுகூட எங்களுக்காக முடியலையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே ஒருவர் ஓஸ்லோவுக்கும் இன்னொருவர் மொம்பாசாவுக்கும் போனார்கள். பந்தியை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். இப்படியே பதினோரு வருடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை திருச்சி எறிகலத் துறையின் நான்காவது வாசலில் மாசிலாமணி வேகமாக வெளியே வந்தார். எதிரே ஒரு பெண் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு டிபன் டப்பா. "கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார். அந்தப் பெண் ஒதுங்கினாள். அவர் நகர்ந்து போய்விட்டார்.

அது வடிவு.

மறுநாள் அவள் மணவிலக்குக்கு மனு போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், 'வழி விட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

குடும்ப நீதிமன்றத்தில் மனுக்களை முதலில் கேட்பது இணக்கன் என்ற இயந்திரம். நாற்பது லட்சம் தம்பதிகளின் சண்டைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய இயந்திரம் அது. அடி உதை, குடி, வேறு தொடர்பு, மாமியார் ஆகிய நான்கில் எதுவுமில்லை என்பதை மூன்று கேள்விகளில் தெரிந்துகொண்டது.

"நீங்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது எப்போது?" என்று கேட்டது.

"தினமும் பேசுறோமே," என்றார் மாசிலாமணி.

"பதிவேடுகளைப் பார்த்தேன். சென்ற ஆண்டில் மிக நீண்ட உரையாடல் நான்கு நிமிடம். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது பற்றி."

வடிவு கூரையைப் பார்த்தாள். வீட்டில் தொட்டி இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இணக்கனின் தீர்ப்பு உடனே வந்தது. மணவிலக்கு தரலாம். ஆனால் அதற்கு முன்னால் இருவரும் திருச்சியிலிருந்து டொரன்டோ வரை பக்கத்துப் பக்கத்து இருக்கையில் நெடுவிமானத்தில் போக வேண்டும். தூரம் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேரம் பதினாறு மணி. இறங்கியதும் அங்குள்ள அதிகாரியிடம், இன்னமும் பிரியத்தான் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடலாம். டொரன்டோவில் இருக்கும் மகள் நறுமுகை சாட்சி.

"பதினாறு மணி நேரமா?" என்றார் மாசிலாமணி. அவர் குரலில் ஜெயில் தண்டனை கேட்டவரின் நடுக்கம் இருந்தது. "என்னங்க, நிமிஷம்னு சொல்ல வேண்டியத மாத்திச் சொல்லிட்டீங்களா?"

மாற்றிச் சொல்லவில்லை. இறக்கை வைத்து, காற்றைக் கிழித்துக்கொண்டு, ஓர் ஊருக்கு மேலே இன்னோர் ஊராகத் தாண்டிப் போகும் அந்தக் காலத்து விமானங்கள் உலகத்தில் ஆறு மிச்சமிருந்தன. வேகத்தில் நொந்துபோனவர்கள் அவற்றில் ஏறுவதற்குப் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்கென்று ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்ததால் இவர்களுக்கு ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. "கொடுத்து வச்சவங்க," என்று வேலையிடத்தில் எல்லோரும் சொன்னார்கள். மாசிலாமணிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனுஷியோடு பதினாறு மணி நேரம் என்ன பேசுவது? அந்த வாரம் முழுவதும் அவர் பேசுவதற்கு விஷயங்களைக் குறித்து வைத்தார். ஐந்து தேறியது. அதில் ஒன்று தொட்டி.

காலை எட்டு மணிக்கு விமானம் கிளம்பியது. காதுக்குப் பின்னால் எல்லோரும் பதித்திருக்கும் செவிமணி, அதாவது செய்தி, பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் நேரே தலைக்குள் இறக்கும் சிறு வில்லை, வாசலிலேயே அணைக்கப்பட்டது. நெடுவிமானத்தின் சட்டம் அது. மாசிலாமணிக்குத் தலைக்குள் திடீரென்று ஒரு காலி வீடு திறந்தது போல இருந்தது. அந்த வீட்டில் அவருக்கு உட்காரத் தெரியவில்லை.

முதல் மணி நேரம் விமானமே படம் பார்த்தது. படம் என்றால் வரைபடம். முன் இருக்கையின் முதுகில் ஒரு குட்டித் திரை, அதில் ஒரு குட்டி விமானம், அது நகர்கிறதா என்றே தெரியவில்லை.

"கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் கோவாகூடத் தாண்டல," என்றார் மாசிலாமணி.

"தெரியுது," என்றாள் வடிவு.

ஐந்து விஷயங்களையும் அவர் அரபிக்கடலுக்கு மேலேயே சொல்லித் தீர்த்துவிட்டார். தொட்டி மட்டும் கொஞ்சம் நீண்டது. பிறகு கைப்பிடி வந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. அந்தக் காலத்து மனிதர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்களுக்கே புரியாத விஷயம். அவர் முழங்கை வைத்தார், அவள் தள்ளினாள். அவர் எடுத்தார், அவள் வைத்தாள், அவர் தள்ளினார். பதினோரு வருடத்தில் ஒருவர் மேல் ஒருவர் இத்தனை தடவை பட்டது அன்றுதான்.

"உங்களுக்கு எப்பவும் இப்படித்தான்," என்றாள் வடிவு.

"எப்படி?"

"எதிர்ல ஆள் இருக்கா இல்லையான்னே பாக்கறதில்ல."

அவருக்குச் சுருக்கென்றது. அந்த வாசலைப் பற்றி இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மனுவில் இருந்த இரண்டு சொற்களை அவர் படித்திருந்தார், அவ்வளவுதான்.

"வடிவு, அன்னைக்கு நான் யாரோன்னு நெனச்சுட்டேன்."

"யாருன்னு?"

"யாருன்னும் நெனைக்கல. நான் மொகத்தையே பாக்கல. கடிகாரத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். சிலியில பால் காய்ச்சுற நேரத்துக்குப் போகணுமேன்னு."

வடிவு ஜன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டாள். கீழே ஏதோ ஒரு பாலைவனம் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு ரெண்டு பேஷண்ட் வர முடியலன்னு சொல்லிட்டாங்க. லீவு போட்டுட்டேன். வாழைப்பூ வடை சுட்டேன். நீங்க வர்ற வாசல்ல நின்னு குடுத்துட்டு, அங்கயே அந்த பெஞ்சுல ஒக்காந்து ரெண்டு பேரும் சாப்பிடலாம்னு. சினிமா மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டு வந்தேன். நீங்க வழி விடுங்கம்மான்னு சொன்னதும் எனக்குக் கோபம்கூட வரல. நெஜமாவே ஒதுங்கி நின்னேன் பாருங்க, அதுதான் தாங்க முடியல. அவ்வளவு சுளுவா ஒதுங்கிட்டேன்."

மாசிலாமணி திரையைப் பார்த்தார். எறிகலமாக இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு இறங்கியிருக்கலாம், வெளியே வெயிலில் நின்று வேறு எதையாவது பேசியிருக்கலாம். இங்கே இன்னும் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி. போக இடமில்லை. கழிவறைக்குப் போனார். அங்கும் வரிசை நின்றது.

திரும்பி வந்தபோது பணிப்பாவை சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுருவில் செய்த இயந்திரம். இந்த விமானத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று அறிமுகம் செய்துகொண்டு, மடியளவு தட்டில் சோறு, ரசம், பொரியல், தயிர் எல்லாவற்றையும் வைத்தாள். முழங்கையை அசைக்காமல் சாப்பிட வேண்டியிருந்தது. ரசக் கிண்ணத்தின் மூடியை மாசிலாமணி இழுத்ததும் அது நேராக முன் இருக்கைக்காரரின் வழுக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எடுக்கலாமா கூடாதா என்று இவர் கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டதைப் பார்த்து வடிவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. பல் தெரியச் சிரிக்கும் கணவரைப் பார்த்து, "கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்குங்க. எவ்வளவு நாளா வலிக்குது?" என்றாள்.

"ஒரு வருஷமா."

"வீட்டுலயே டாக்டர் இருக்கேன்."

"நீதான் வீட்டுலயே இல்லையே."

சொன்ன பிறகு பயந்தார். ஆனால் அவள் கோபிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு பேச்சு வந்தது. எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியாது. மேற்கே போவதால் சூரியனும் கூடவே வந்தது. வெளியே மணி நகரவே இல்லை. நறுமுகை பள்ளிக்கூடத்தில் ஆட்டு வேஷம் போட்டது, மாசிலாமணியின் அப்பா கடைசியாகக் கேட்ட இளநீர், கல்யாணமான புதிதில் கொல்லிமலையில் பஸ் நின்றுபோய் எட்டு மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தது. அந்த எட்டு மணி நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல பயணம் என்று வடிவு சொன்னாள். அவருக்கு பஸ் நின்றது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

கிரீன்லாந்தின் பனி கீழே வெள்ளை வெளேரென்று விரிந்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது. லிஸ்பன்ல வேலை முடிஞ்சதும் நான் நேரா வீட்டுக்கு வர்றதில்ல. அங்க பழைய டிராம் ஒண்ணு ஓடுது. நடக்குறவங்க முந்திப் போயிடுவாங்க, அவ்வளவு மெதுவு. அதுல ஏறி ஒரு சுத்து சும்மா ஒக்காந்திருப்பேன். ஒரு மணி நேரம். தெனமும்."

மாசிலாமணி அவளையே பார்த்தார். "தெனமுமா?"

"ஆறு வருஷமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரிஸ்பேன்ல ஆத்தங்கரையில ஒரு மரம் இருக்கு. வேலை முடிஞ்சதும் அதுக்கடியில ஒக்காந்துக்குவேன். ஒரு மணி நேரம். நானும் ஒன்கிட்ட சொன்னதில்ல."

பதினோரு வருடமாக நேரமே இல்லை என்று இருவரும் நம்பியிருந்தார்கள். நேரம் இருந்திருக்கிறது. இவர் தன்னுடையதைக் கிழக்கே ஒரு மரத்தடியில் வைத்திருந்தார், அவள் மேற்கே ஒரு டிராமில் வைத்திருந்தாள். நடுவில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்.

"எதுக்கு வீட்டுக்கு வரல?" என்றார்.

"நீங்க எதுக்கு வரல?"

பதில் இருவரிடமும் ஒன்றுதான். வந்தால் யாராவது எங்காவது விசேஷத்துக்குப் போகச் சொல்லுவார்கள்.

விமானம் கனடாவுக்கு மேலே வந்துவிட்டது. திரையில் குட்டி விமானத்துக்கும் டொரன்டோவுக்கும் இடையே ஒரு விரல்தான் இடைவெளி. மாசிலாமணி அந்த இடைவெளியை விரல் வைத்து அளந்து பார்த்தார். கடைசியில், விமானம் தாழத் தொடங்கி, காது அடைத்துக்கொண்ட பிறகு, தன் குரலே தனக்குக் கேட்காத தைரியத்தில் கேட்டுவிட்டார்.

"வடிவு. கையெழுத்துப் போடப் போறியா?"

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். அதில் அவர் கை இருந்தது, மேலே அவள் கை இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"சொல்றேன். ஆனா முழுசாக் கேக்கணும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நடுவுல எந்திரிக்கக் கூடாது. எங்கயும் ஓடக் கூடாது."

"சத்தியமா எந்திரிக்க மாட்டேன்."

"நான் நெனச்சுப் பாத்தேங்க," என்று அவள் ஆரம்பித்தாள். "நமக்குள்ள கோபம்னு ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா நல்லாருக்கும். எனக்கு என்ன வேணும்னா…"

தடால் என்று சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடியது.

அடுத்து நடந்ததை மாசிலாமணியால் பின்னாளில்கூட விளக்க முடிந்ததில்லை. 'கிளிக்' என்று ஓர் இருக்கைப் பட்டை அவிழும் சத்தம் கேட்டது. பிறகு 'கிளிக் கிளிக் கிளிக்' என்று இருநூற்றறுபது சத்தம். விமானம் இன்னும் நிற்கவில்லை. நினைவு வந்து பார்த்தபோது அவர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். கழுத்து சாமான் தட்டுக்கு அடியில் மடங்கியிருந்தது. நெஞ்சோடு பெட்டியை அணைத்திருந்தார். முன்னால் ஒரு முதுகு, பின்னால் யாருடைய பையோ இடுப்பில் இடித்தது. அன்றுவரை வாழ்நாளில் இறக்கை வைத்த விமானத்தில் ஏறியிராத மனிதர் அவர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எந்திரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தார். மெல்லத் திரும்பி, தன் இருக்கைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

வடிவைக் காணவில்லை.

"வடிவு!"

"இங்கேங்க!"

குரல் முன்னாலிருந்து வந்தது. அவருக்கு இரண்டு வரிசை முன்னால், தோளில் பையும் கையில் சால்வையுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் இருக்கையிலிருந்து அவரைத் தாண்டி எப்படி அங்கே போனாள் என்பதற்கு அறிவியலில் விடை இல்லை. இருவர் பார்வையும் சந்தித்தன. இருவரும் கொஞ்சம் அசடு வழிந்தார்கள்.

"சொல்லிக்கிட்டு இருந்தியே!" என்று அவர் கத்தினார்.

"ஆமா!" என்று அவளும் கத்தினாள். நடுவில் நின்றவர் அவசரத்தை விடுவது எப்படி என்று மூன்று கண்டங்களில் வகுப்பெடுக்கும் தியான ஆசிரியர். "அம்மா, பேசிக்கிட்டே கொஞ்சம் முன்னால நகருங்களேன்," என்றார். நகர இடமில்லை. அவர் தோளுக்கு மேலே எம்பி வடிவு சொன்னாள்.

"கையெழுத்துப் போடலைங்க!"

விமானத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் பெட்டியில் இருந்தன.

"ஆனா ஒரு கண்டிஷன்! என் டிராம் நேரமும் உங்க மரத்தடி நேரமும் இனிமே வீட்டுக்கு வரணும். யார் வீட்டு விசேஷமும் அதத் தொடக் கூடாது!"

"சரி! வந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். எந்த அவசரமும் இல்லாம, ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்திருப்போம்!"

யாரோ கை தட்டினார்கள். அப்போதுதான் பணிப்பாவை கூட்டத்துக்கு நடுவில் மெல்ல வழி செய்துகொண்டு வந்தாள். இந்த மாதிரி விமானத்துக்குப் பொருந்தும் ஏணி இந்த நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகவும், அது அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றும் அறிவித்தாள். பிறகு வடிவின் பக்கம் திரும்பினாள்.

"மன்னிக்க வேண்டும், அம்மா. எந்த அவசரமும் இல்லாமல் சும்மா உட்கார விரும்புவதாகச் சொன்னீர்கள். கதவு திறக்க இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். எல்லா இருக்கைகளும் காலியாகத்தான் இருக்கின்றன. இப்போதே உட்காரலாமே?"

வடிவு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாசிலாமணியும் பார்த்தார். வேகம் வேண்டாம் என்று பதினோரு மாதம் காத்திருந்து டிக்கெட் எடுத்த அத்தனை பேரும், மடங்கிய கழுத்தைத் திருப்பி அந்த அறியாத இயந்திரத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இப்பவா?" என்றாள் வடிவு. "எறங்குற நேரத்துல ஒக்காரச் சொல்றியே!"